இல்லை என்று எழுதுமுன்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியை நாம் பெரும்பாலும் மாமியார் மருமகள் சண்டையிலும் பங்காளித் தகராறிலுமே உபயோகித்து வருகிறோம். உண்மையில் அது ஒரு டம்ளர் தண்ணீருக்குத்தான் மிகவும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பளிங்கு போல் இருக்கிறது. குடித்துவிடுகிறோம். அந்தப் பளிங்குக்குள்ளே யார் யார் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண் சொல்லுமா? சொல்லாது. கலங்கலாய் மிதப்பவனைக் கண் பிடித்துவிடும். கரைந்து போனவனைப் பிடிக்காது. அவனை வெளியே வரவழைக்க வேண்டுமானால், அவனுக்கு வேண்டியவன் ஒருவனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்த வேண்டும். அவனைக் கண்டதும் இவன் நிறம் மாறுவான்; அல்லது அவனைக் கட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அப்போதுதான் குட்டு வெளிப்படும். ரசாயன சாஸ்திரத்தில் ஒரு பெரிய பகுதியே இந்த ஒரு வித்தையின்மேல் எழுந்து நிற்கிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நம் வீட்டுப் பெண்கள் ரசாயனம் படிக்காமலே இதைச் செய்து வந்திருக்கிறார்கள். மணமக்கள் வாசலில் வந்து நின்றதும் ஆரத்தி கரைக்கிறார்களே, அது என்ன? மஞ்சள் தண்ணீரில் துளிச் சுண்ணாம்பு. அடுத்த கணம் மஞ்சள் மறைந்து சிவப்பு எழுகிறது. சுண்ணாம்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிய ஹைட்ராக்ஸைடு என்ற ஒன்று, மஞ்சளைத் தொட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. புது வீட்டுக்குக் குடி போனால் அங்குள்ள கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பை வேகப் போட்டுப் பார்ப்பார்கள். பருப்பு வேகாமல் விறைத்துக்கொண்டு நின்றால், "இது உப்புத் தண்ணீர்" என்று தீர்ப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பருப்பின் சுவர்களை இறுகப் பிடித்துக்கொள்வதால்தான் அது வேக மறுக்கிறது. சோப்பு நுரைக்காமல் தயிர்போல் திரிவதற்கும் அந்தக் கால்சியமும் அதன் கூட்டாளி மக்னீசியமுமே காரணம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் சில ஊர்களில் மைபோல் கறுத்துப் போகும். அது இரும்பின் வேலை. தேயிலையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மையும் சாயமும் செய்ததெல்லாம் இதே கணக்குத்தான். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பவரும் இதை எழுதி வைத்திருக்கிறார். செம்பிலிருந்து எடுக்கும் பச்சைக் களிம்பில் வியாபாரிகள் இரும்பு உப்பைக் கலப்படம் செய்வார்களாம். துவர்க்காய்ச் சாற்றில் ஊறிய பாபிரஸ் தாளை அதில் தொட்டால், கலப்படம் இருந்தால் தாள் கறுத்துவிடுமாம்! கலப்படக்காரனும் பழையவன், அவனைப் பிடிக்கிறவனும் பழையவன்.

ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. ஸ்வீடன் தேசத்தில் உப்ஸாலா சர்வகலாசாலையில் 1884-ஆம் வருஷம் ஸ்வாந்தே அரீனியஸ் என்ற இளைஞர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தார். உப்பு தண்ணீரில் கரையும்போது அதன் பாகங்கள் மின்சாரம் தாங்கிய தனித்தனி ஆசாமிகளாகப் பிரிந்து நீந்துகின்றன என்ற கொள்கைக்கு அதுதான் வித்து. பேராசிரியர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கடைநிலை மார்க்குப் போட்டு அனுப்பினார்கள். அதே கொள்கைக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தனித்தனி ஆசாமிகளுக்குத்தான் அயனி என்று பெயர்.

கல்யாண வீட்டுக்குப் போகிற தம்பதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல்வரை ஜோடியாக வருவார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் அவர் சீட்டுக் கச்சேரிக்கும் அந்த அம்மாள் சமையல்கட்டுக்குமாகப் பிரிந்துவிடுவார்கள். அப்புறம் அவரைத் தேடுகிறவன், "இன்னாருடைய கணவர் எங்கே?" என்று கேட்க வேண்டியதில்லை; அவருடைய குணத்தைச் சொன்னாலே போதும். மயில் துத்தத்தைத் தண்ணீரில் போட்டால் தாமிரம் ஒரு பக்கம், சல்பேட்டு ஒரு பக்கம். தாமிரம் சல்பேட்டோடு வந்தாலும் சரி, நைட்ரேட்டோடு வந்தாலும் சரி, அம்மோனியாவைத் தாராளமாக ஊற்றினால் ஒரே கருநீலம்தான். வந்த துணை எதுவானாலும் குணம் மாறாது. இந்த ஒரு சௌகரியம் இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள உப்புக்கெல்லாம் தனித்தனியே சோதனை தேடி மனிதன் அலைந்துபோயிருப்பான்.

நான் ரசாயனம் படித்தது மிகக் கொஞ்சம். பிளஸ் டூவோடு அந்தச் சம்பந்தம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆயினும் வாரம் ஒரு முறை அந்த ஆய்வுக்கூடத்தில் கழித்த இரண்டு மணி நேரம் மட்டும், பிற்பாடு படித்த எத்தனையோ கெட்டி அட்டைப் புத்தகங்களைவிட ஆழமாக மனத்தில் தங்கிவிட்டது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். பார்த்தால் சர்க்கரையும் அதுதான், சோடாவும் அதுதான், விஷமும் அதுதான். அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். நோட்டில் மூன்று பத்தி: சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தாய், என்ன கண்டாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்? மனிதனுடைய புத்திக்கு இதைவிடச் சுருக்கமான ஒழுங்கை யாராவது வகுத்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகந்தான். நாம் தினசரி வாழ்க்கையில் இரண்டாவது பத்தியைத் தாண்டி மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். முதல் பத்தியோ காலியாகவே கிடக்கிறது!

கரைசலில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டு விட்டால், தெளிந்த தண்ணீருக்குள் திடீரென்று தயிர் உறைந்தாற்போல வெண்மை படரும். குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளியும் குளோரினும் சந்தித்துவிட்டால் தண்ணீரை மறந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லிகிராம் வெள்ளிக் குளோரைடுதான் கரைய முடியும். மீதியெல்லாம் வெளியே வந்து விழுந்தாக வேண்டும். பேரியம் குளோரைடு விட்டு வெள்ளையாக விழுந்தால் சல்பேட்டாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும், 'இருக்கிறது' என்று எழுதக் கூடாது. ஏனென்றால் கார்பனேட்டும் அப்படியே வெள்ளையாகத்தான் விழும். அமிலத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்துக்கொண்டு கரைந்துபோனால் அது கார்பனேட்டு. அசையாமல் உட்கார்ந்திருந்தால் சல்பேட்டு. அப்புறந்தான் 'உறுதி' என்ற சொல்லை எழுத உரிமை உண்டு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஈயத்தின் சோதனை. ஈயக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சளாகத் திரண்டு விழும். அதை நிறையத் தண்ணீரோடு சூடாக்கினால் மஞ்சள் முழுவதும் கரைந்து நீர் தெளிந்துவிடும். இவ்வளவுதானா என்று நினைக்கும் சமயத்தில் குழாயைக் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். தெளிந்த நீருக்குள்ளிருந்து பொன் துகள்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து, மினுமினுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கும். தட்டான் பட்டறையிலும் அவ்வளவு அழகான பொன்னைக் காண முடியாது. அது பொன்னல்ல, விஷம் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க மனம் வராது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அட்டெண்டர் இருந்தார். பொதுப் பரீட்சை அன்று அவர் ஜாடை காட்டுவார் என்று பையன்களிடையே பரம்பரையாக ஒரு நம்பிக்கை உண்டு. காதைத் தொட்டால் ஈயம், மீசையைத் தடவினால் தாமிரம், மூக்கைத் தேய்த்தால் துத்தநாகம் என்று ஒரு ரகசிய அகராதியே இருந்தது. எங்கள் பரீட்சையின்போது பாவம், அந்த மனிதருக்குக் கடுமையான ஜலதோஷம். காலையிலிருந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் வரிசையில் மட்டும் நாலு பேர் துத்தநாகம் எழுதிவிட்டு வந்தார்கள்!

எங்கள் ரசாயன ஆசிரியர் சாதுவான மனிதர். உரக்கப் பேச மாட்டார். இரண்டு விஷயங்களில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஒன்று, வெற்றுச் சோதனை செய்யாமல் விடுவது. அதாவது, நாம் ஊற்றுகிற மருந்திலேயே அழுக்கு இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ள, உப்பே போடாத வெறும் வாலை வடிநீரில் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அங்கேயும் வெண்மை படர்ந்தால் குற்றம் கரைசலில் இல்லை, நம்மிடத்தில் இருக்கிறது. இரண்டாவது, தேடாமலே 'இல்லை' என்று எழுதுவது. நோட்டைத் திருத்தும்போது பேனாவை அந்தச் சொல்லின்மேல் வைத்துக்கொண்டு, "இல்லைன்னு எழுதியிருக்கியே, தேடினியா? எதை வச்சுத் தேடினே?" என்பார். பதில் வராவிட்டால் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, தம் கையாலேயே 'பார்க்கவில்லை' என்று எழுதுவார்.

இந்த இரண்டில் முதல் பாடம் எனக்கு எதிர்பாராத இடத்தில் பலன் தந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞன் கழுத்துப் பட்டையும் கைப்பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்கிறவன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், தான் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர் ஒரு டம்ளர் என்று மேஜைமேல் வைத்தான். மின்சாரக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போட்டான். இரண்டு நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, சாக்கடைபோல் ஆகிவிட்டது. அவனுடைய தண்ணீர் அப்படியே பளிங்காக நின்றது.

"பாத்தீங்களா மேடம்? இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிட்டிருந்தீங்க" என்றான்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ எங்கள் ஆசிரியரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைக் கொண்டுவந்து அவனுடைய சுத்தத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன்.

"தம்பி, இப்ப இதுல ஒரு தடவை ஸ்விட்சைப் போடு."

"அது வேணாம் ஸார்."

"போடப்பா, பார்க்கலாம்."

போட்டான். சுத்தத் தண்ணீரும் சாக்கடையாயிற்று. விஷயம் வேறொன்றுமில்லை. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்பு தானே கரைந்து வந்து துருவாகத் திரியும். உப்பையெல்லாம் நீக்கிய நீரில் மின்சாரம் ஓடாது. ஆகையால் கம்பியும் கரையாது. நாங்கள் கண்ட அழுக்கு முழுவதும் அந்தக் கம்பி போட்ட அழுக்கு!

"ஸார் சயின்ஸ் வாத்தியாரா?" என்று கேட்டான் அந்தப் பையன்.

"இல்லையப்பா, கதை எழுதுகிறவன்."

"அதான் ஸார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவன் போனபிறகு நான் வெற்றிக் களிப்போடு நாற்காலியில் சாய்ந்தேன். என் மனைவி அந்த இரண்டு டம்ளரையும் கழுவப் போனவள் நின்று திரும்பி, "சரிங்க, அவன் கம்பி பொய் சொல்லுதுன்னு காமிச்சிட்டீங்க. அதனாலே நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு ஆயிடுமா?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவன் சொன்ன குற்றச்சாட்டு பொய் என்று நிரூபித்தால், எதிராளி யோக்கியன் என்று ஆகிவிடுமா? அவன் கொண்டுவந்திருந்த பேனா மாதிரியான இன்னொரு கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டியது. அதுவும் எதற்கு உதவும்? கூட்டத்தில் எத்தனை பேர் என்று சொல்லும். திருடன் யார் என்று சொல்லாது. 500 பேர் நல்லவர்களாக இருக்கலாம். 50 பேரில் ஒருவன் கொலைகாரனாக இருக்கலாம். எங்கள் ஆசிரியரின் இரண்டாவது பாடம் இங்கேதான் வருகிறது.

வெள்ளி நைட்ரேட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்ற மூன்று சகோதரர்களையும் அது பிடித்துவிடும்: முதல்வன் வெள்ளை, இரண்டாமவன் வெளிர் மஞ்சள், மூன்றாமவன் நல்ல மஞ்சள். இந்தக் குடும்பத்தில் இன்னொருவன் உண்டு, புளோரைடு. அவன்மட்டும் வெள்ளியோடு சேர்ந்தாலும் தண்ணீரிலேயே கரைந்து நிற்பான், கீழே விழமாட்டான். வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்து, "ஒன்றும் விழவில்லை, தண்ணீரில் ஒருவரும் இல்லை" என்று எழுதினால் புளோரைடு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பான். அவனைப் பிடிக்க வேறு வலை வேண்டும். ஸிர்கோனியமும் அலிஸரினும் சேர்ந்த ஒரு சிவப்புச் சாயத்தை விட்டால், அதிலுள்ள ஸிர்கோனியத்தைப் புளோரைடு பறித்துக்கொள்ளும். சிவப்பு வெளிறி மஞ்சளாகும்.

இது வெறும் புத்தக விஷயமல்ல. 1937-ஆம் வருஷம், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில், பல்லில் கறை ஏறி, முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் போன ஜனங்களைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். குடிதண்ணீரில் இருந்த புளோரைடே அதற்குக் காரணம். இந்தியாவில் அந்த நோயைப் பற்றி வெளிவந்த முதல் செய்தி அதுதான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கும் இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை அந்த ஜில்லாக்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தவர் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

புளோரைடாவது பல்லில் கறையைப் போட்டு ஓரளவு எச்சரிக்கை செய்கிறது. ஆர்ஸெனிக் அதுகூடச் செய்வதில்லை. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்கிறார்களே, அதன் உயிர்நாடி இந்த ஆர்ஸெனிக்தான். ருசியில்லை, வாசனையில்லை. 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கெண்ட் என்ற பிரதேசத்தில், தாத்தாவுக்குக் காபியில் பாஷாணம் வைத்துவிட்டதாக ஒரு பேரன்மேல் வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர் சோதித்தார். கந்தக வாயுவைச் செலுத்தியபோது மஞ்சளாகப் படிந்தது. நம் கூத்தாடிகள் ஒரு காலத்தில் முகத்தில் பூசிய அரிதாரமும் இதே மஞ்சள்தான். ஆனால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்குள் அந்தப் படிவு கெட்டு நிறம் மாறிவிட்டது. ஜூரிகள் நம்பவில்லை; பேரன் விடுதலையானான். மனம் நொந்த மார்ஷ், யாரும் மறுக்க முடியாத ஒரு சோதனையைத் தேடி உழைத்து, 1836-இல் வெளியிட்டார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் எழும். ஆர்ஸெனிக் இருந்தால் அதையும் வாயுவாகத் தூக்கிக்கொண்டு வரும். அந்த வாயுவைச் சூடாக்கினால் கண்ணாடியில் கருமையான பளபளப்புப் படியும். பாஷாணம் வைப்பவர்களின் நல்ல காலம் அன்றோடு முடிந்தது.

மார்ஷின் அதே வாயு சுமார் 160 வருஷம் கழித்து வங்காள தேசத்துக் கிராமங்களில் மறுபடியும் எழுந்தது. அங்கே குளத்து நீரைக் குடித்துக் காலராவிலும் பேதியிலும் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, 1970-களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த நல்ல காரியம். தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக வந்தது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஆர்ஸெனிக் உறங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வருஷக் கணக்கில் குடித்தபிறகு மார்பில் புள்ளிகள் விழுந்தன. உள்ளங்கை காய்த்து வெடித்தது. சிலருக்குப் புற்றுநோயே வந்தது. தொற்று வியாதி என்றும் சாபம் என்றும் ஜனங்கள் ஒதுங்கினார்கள். புள்ளி விழுந்த பெண்களுக்குக் கல்யாணம் தடைப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்காளத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த கே. சி. ஸாஹா என்ற தோல் நோய் மருத்துவர் 1983-லேயே இதை இன்னதென்று கண்டுகொண்டார்.

1992-ஆம் வருஷம் பிரிட்டிஷ் நில ஆய்வு நிறுவனம் வங்காள தேசத்தின் மத்தியிலும் வடகிழக்கிலும் நிலத்தடி நீரைச் சோதித்து ஓர் அறிக்கை தந்தது. 31 மூலகங்களைத் தேடினார்கள். திறமையான வேலைதான். ஆனால் அந்த 31-இல் ஆர்ஸெனிக் இல்லை. அப்படிப்பட்ட வண்டல் மண்ணில் அது இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மறு வருஷமே, 1993-இல், அந்த நாட்டுக் கிணறுகளில் ஆர்ஸெனிக் இருப்பது தெரியவந்தது. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டன்வரை வழக்குக்குப் போனார். 2006-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று: ஆர்ஸெனிக் இருக்கிறதா என்று சோதித்ததாக அறிக்கை எங்குமே சொல்லவில்லை; அந்த நீர் விநியோகத்துக்கு அவர்கள் பொறுப்பாளிகளும் அல்லர்; ஆகையால் கிராமவாசிக்கு வழக்கு நிற்காது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் அந்த அறிக்கையைத் திருத்தியிருந்தால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருப்பார்: 'ஆர்ஸெனிக்: பார்க்கவில்லை.' அந்த ஒற்றை வரி இருந்திருந்தால், படித்தவர்களில் ஒருவராவது, "ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டிருக்க மாட்டாரா?

அதே நிறுவனந்தான் பிற்பாடு வங்காள தேசத்து அரசாங்கத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் கிணறுகளைச் சோதித்து 2001-இல் விரிவான கணக்கையும் வெளியிட்டது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆழமில்லாத கிணறுகளில் நூற்றுக்கு 27, அந்த நாடு வகுத்த எல்லைக்கு மேல் இருந்தன. அந்த எல்லை லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி இரண்டை நிறுத்தி, இரண்டிலுமாக ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் எவ்வளவோ அவ்வளவு. உலக சுகாதார ஸ்தாபனமோ அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கலாம் என்கிறது.

இவ்வளவு நுண்ணிய திருடனைப் பிடிக்க அந்தக் கிராமங்களுக்குப் போனது ஒரு சிறு பெட்டிதான். ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீர். அதில் துத்தநாகப் பொடியும் அமிலமும். மேலே பாதரசப் புரோமைடு தோய்த்த ஒரு துண்டுக் காகிதம். ஆர்ஸெனிக் இருந்தால் வாயு மேலே எழும்பிக் காகிதத்தில் மஞ்சளோ பழுப்போ பூசிவிடும். பிறகு ஒரு தூரிகையும் இரண்டு டப்பா வர்ணமும். நல்ல கிணற்றின் குழாய்க்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. சில வருஷங்களுக்குள் சுமார் 50 லட்சம் கிணறுகளை இப்படிச் சோதித்தார்கள். சுமார் 14 லட்சம் கிணறுகள் சிவப்பாயின. படிக்கத் தெரியாத பெண்ணும் குடத்தோடு போகும்போது பச்சையைத் தேடிப் போனாள். அப்புறம் வர்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கிற்று. சோதிக்காமலே புதுக் கிணறுகளும் தோண்டினார்கள். விசாரிப்பது ஒரு நாளில் முடிகிற வேலையல்ல.

நாம் ஒருநாளைக்கு எத்தனை முறை 'இல்லை' என்று சொல்கிறோம்! "பையனைப் பற்றி விசாரித்துவிட்டோம், ஒரு குறையும் இல்லை" என்கிறோம். யாரிடம் விசாரித்தோம், எதை விசாரித்தோம்? அவனுடைய சம்பளத்தை விசாரித்திருப்போம். கோபத்தை விசாரித்திருக்க மாட்டோம். "ஊரில் ஒரு பிரச்னையும் இல்லை" என்று அதிகாரி எழுதுகிறார். ஊருக்குள் போய்ப் பார்த்து எழுதினாரா? பொய் சொல்கிறவனைவிட, பாதி பார்த்துவிட்டு முழுதும் 'இல்லை' என்கிறவனிடம்தான் நமக்கு அதிக பயம் வேண்டும். ஏனென்றால் அவன் நல்லவன். அவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. ஒரு பாட்டிலைக் கழுவி, எங்கள் வீட்டுத் தண்ணீரை நிரப்பி, தண்ணீர் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் கழித்து ஒரு தாள் வந்தது. கால்சியம், மக்னீசியம், இரும்பு, குளோரைடு, சல்பேட்டு, நைட்ரேட்டு, புளோரைடு என்று வரிசையாக எழுதி, எல்லாம் எல்லைக்குள் இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். மனைவியிடம் கொடுத்தேன். அவள் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"நீங்க சொன்ன அந்தப் பாஷாணம் இதிலே எங்கே?" என்றாள்.

மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அதை வழக்கமா பாக்கிறதில்லை ஸார். கேட்டா பாத்துக் கொடுக்கறோம். யாரும் கேட்கிறதில்லை" என்றார்.

இன்னொரு பாட்டில் தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.